தாராளமா வாங்க

நான் பயந்தவள் இல்லை என்று முப்பத்திரண்டு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று என்னைக் காட்டித்தான் சொல்வார்கள். அந்த வாயை முதலாக வைத்துத்தான் நானும் மைனியும் மூன்று வருஷமாக ஒரு இணையத் தொடர் நடத்திக்கொண்டிருந்தோம். மைனி என்றால் என் அண்ணன் மனைவி.

பகலில் எனக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. கப்பல் ஏறுகிற கண்டெய்னர்களுக்குத் தாள் தயார் பண்ணுவது. மைனி வீட்டிலிருந்தே கல்யாண வீடியோக்களை எடிட் பண்ணுகிறவள். வியாழக்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். ஜன்னலுக்கு இரண்டு போர்வையைத் தொங்கவிட்டு, சத்தம் விழும் என்று ஃபேனையும் அணைத்துவிட்டு, வியர்த்து வழிய ரெக்கார்டிங். தூத்துக்குடி வெயிலில் அந்த அறைக்குள் இருந்துகொண்டு சிரித்த முகமாகப் பேசுவதே ஒரு சாமர்த்தியம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எபிசோடை ஏற்றிவிடுவோம்.

அந்த வாரம் இணையத்தில் என்ன ஓடியது, எந்த நடிகரின் ரசிகர்கள் யாரை வெளுத்து வாங்கினார்கள், எந்தப் பாட்டை மனுஷன் பாடாமல் கம்ப்யூட்டர் பாடியது, எந்த ரீல்காரர் எதற்காக அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டார், இதுதான் சரக்கு. கடைசி மூன்று நிமிஷம் 'இந்த வாரப் புரளி'. அந்த வாரம் ஊரெல்லாம் சுற்றிய ஒரு பொய்யை எடுத்து வைத்துக் கிழி கிழி என்று கிழிப்பேன். பாதிப் பேர் அதற்காகத்தான் பார்த்தார்கள். ரோட்டில் போனால் 'புரளி அக்கா' என்று கூப்பிடுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பின்னால் எந்தக் கம்பெனியும் கிடையாது, எங்கள் சொந்த நிகழ்ச்சி. சொந்த நிகழ்ச்சி என்றால் தட்டிக்கேட்க ஆளில்லை என்று அர்த்தம். அதனால் நாங்களே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தோம். ஆரம்பத்தில் ஒரு நடிகைக்குக் கல்யாணம் என்று யாரோ சொன்னதை நம்பிப் பேசி, ஒரு வாரம் கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் கேட்டோம். அதிலிருந்து எதுவானாலும் இரண்டு இடத்தில் விசாரிக்காமல் பேசுவதில்லை. ஆபீசில் நான் கண்டெய்னரின் சீல் நம்பரை மூன்று தடவை சரிபார்க்கிறவள். மைனி என்னைவிட மோசம், ஒரு எழுத்துப் பிழை இருந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவாள்.

அப்படிப்பட்ட நாங்கள் அந்த வாரம் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. அதற்கு நாலைந்து நாள் இருக்கும்போது அந்தக் கிளிப் வந்தது. திருச்செந்தூர் கடல் உள்ளே போய், பாசி படிந்த பாறைகள் வெளியே தெரிய, வெளியூர்க்காரர் ஒருவர் குரல் நடுங்கப் பேசுகிறார். "மக்களே, கடல் உள்வாங்கிருச்சு, இது எதுக்கோ அறிகுறி, எல்லாரும் ஓடிருங்க." பின்னால் திகில் படத்து இசை வேறு சேர்த்திருந்தார்கள். ஆபீஸ் குரூப்பில், சொந்தக்காரர்கள் குரூப்பில், சர்ச் பாடகர் குழு குரூப்பில் என்று ஒரே நாளில் எனக்கு ஏழெட்டுத் தடவை அது வந்து சேர்ந்தது.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அந்தக் கடல் உள்ளே போகும், பாறை தெரியும், மறுபடி வரும். இந்தக் கடற்கரையில் பிறந்த யாருக்கு இது தெரியாது? விசாரிக்க இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தோம். நடிகை கல்யாணத்துக்கு இரண்டு இடத்தில் கேட்டவர்கள், கடலைப் பற்றிப் பேச, விசைப்படகில் கடலுக்குப் போய் வருகிற அண்ணனைக்கூடக் கேட்கவில்லை. அவன் பக்கத்து அறையில்தான் தூங்கிக்கொண்டிருந்தான்.

நான் பேசியது வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. மறக்க முடிந்தால் நல்லது. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லுவாவல்லா, அது இதுதான். மக்கா, கடக்கரக்காரி நான் சொல்லுதேன், அமாவாசைன்னா கடல் உள்ள போவும். எங்க ஊர்ல சின்னப் பிள்ளைகூட இதுக்குப் பயப்படாது. ஞாயித்துக்கிழம லீவுதான? வீட்ல உக்காந்து ஃபார்வர்டு பண்ணாம, பிள்ளைகளக் கூட்டிட்டுப் போய்ப் பாறையப் பாருங்க. பாசியில வழுக்கி விழுந்தா மட்டும் எம் மேல கேஸ் போட்டுராதீங்க." கேமராவுக்குப் பின்னால் மைனி அடக்க முடியாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நன்றாக இருக்கிறதென்று வெட்டாமல் விட்டோம்.

வெள்ளிக்கிழமை ஏற்றினோம். சனிக்கிழமை காலையில் பார்த்தால் எங்களுடைய எந்த எபிசோடுக்கும் வராத கூட்டம் இதற்கு வந்திருந்தது. புரளிப் பகுதியை மட்டும் யார் யாரோ வெட்டி எடுத்துச் சுற்ற விட்டிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அரைநாள் ஆபீஸ். மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கமென்ட்டுக்கும் இதயக் குறி போட்டுக்கொண்டிருந்தேன்.

அதில் ஒன்று இது: "அக்கா நாங்க ஓட்டப்பிடாரம் பக்கம். எங்க ரெண்டு பொண்ணுங்களும் கடலுக்குள்ள இருக்க பாறையப் பாத்ததே இல்ல. அந்த வீடியோ வந்ததுல இருந்து போவோம் போவோம்னு உயிர எடுக்குதுக. நான்தான் பயந்துக்கிட்டு இருந்தேன். நீங்க சொன்ன பொறவு தைரியம் வந்துட்டு. நாளைக்குக் காலைல பஸ் ஏறுதோம். போலாம்லா அக்கா?"

பெயருக்குப் பதில் ஏதோ எழுத்தும் எண்ணுமாக இருந்தது. படத்தில், யூனிஃபார்ம் போட்டு, இரட்டைச் சடையில் ரிப்பன் கட்டிய இரண்டு சிறுமிகள். நான் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டுப் பதில் எழுதினேன். "தாராளமா வாங்க. பாசி வழுக்கும், பிள்ளைகள் கையப் பிடிச்சுக்கோங்க."

அக்கறையாகப் பதில் சொல்லிவிட்டதாக எனக்கு ஒரு திருப்தி.

அன்று சாயங்காலம் அடுத்த வாரத்துக்கு என்ன பேசலாம் என்று பார்க்க அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருந்த அண்ணன் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"நாளைக்கு யாரும் கடலுக்கு எறங்கக் கூடாதுன்னு மைக்ல சொல்லிட்டாவ," என்றான். "கள்ளக்கடலாம்."

அந்த வார்த்தையை நான் செய்தியில் பார்த்திருக்கிறேன். "அது கேரளாப் பக்கம்லா வரும்?" என்றேன்.

"யார் சொன்னா? தெக்க எங்கயோ பெருங்கடல்ல காத்து அடிச்சிருக்கும். அந்த அல நாள் கணக்கா ஓடி இங்கன வரும். இங்கன காத்தே இருக்காது, வெயில் அடிக்கும். கடல் உள்ள போய்ச் சும்மா நிக்கும். பொறவு மொத்தமா ஏறும். அதான் கள்ளன்னு பேரு."

"திருச்செந்தூர்லயுமா?" என்றேன்.

"அங்கனதான். நம்ம ஊருக்கு முன்னால தீவு இருக்கு, அதத் தாண்டுனா இலங்கை இருக்கு, அல ஒடஞ்சுதான் வரும். திருச்செந்தூர், மணப்பாடு, பெரியதாழையெல்லாம் தொறந்த கடலுலா. நமக்கு அந்தக் கடலப் பத்தி என்ன தெரியும்?"

மைனி என்னைப் பார்த்தாள். நான் போனை எடுத்து அந்த மூன்று நிமிஷத்தை அண்ணனிடம் போட்டுக் காட்டினேன். அவன் எங்கள் எபிசோடுகளைப் பார்க்கிறவன் இல்லை. நின்றுகொண்டே முழுதும் பார்த்தான். மைனியின் சிரிப்பு வந்த இடத்திலும் அவன் முகம் அசையவில்லை.

"யார்ட்டளா கேட்டுச் சொன்ன?" என்றான்.

அவன் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவன் திட்டவில்லை. குளிக்கப் போய்விட்டான். 'நுணலும் தன் வாயால் கெடும்' என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தவளை கெட்டால் தவளையோடு போயிற்று. நான் ஊரையல்லவா கூப்பிட்டிருந்தேன்.

"தூக்கிருவோம்ளா," என்றாள் மைனி. வீடியோவை அழித்துவிடலாம் என்றாள். அவள் விரல் பட்டனுக்கு மேலே இருந்தது. நான்தான் தடுத்தேன். அழித்தால் கமென்ட்டுகளும் அதோடு போய்விடும். அந்த ஓட்டப்பிடாரத்துப் பெண்ணைப் பிடிக்க எனக்கு இருந்த ஒரே வழி அந்தக் கமென்ட்தான். போன் நம்பர் கிடையாது, பெயர் கிடையாது.

அதற்குக் கீழேயே எழுதினேன். "அக்கா போகாதீங்க. நான் சொன்னது தப்பு. நாளைக்கு அபாயம். இதப் பாத்ததும் ஒரு வார்த்த எழுதுங்க." மைனி தலைப்பை மாற்றினாள். புரளிப் பகுதியை மட்டும் வெட்டி எடுக்கக் கட்டளை கொடுத்தாள். வெட்டு முடிய மணிக்கணக்கு ஆகும், அதுவரை பழையதுதான் ஓடும் என்று திரையில் வந்தது. போர்வை கட்ட நேரமில்லை. ஃபேன் சத்தத்தோடேயே ஒரு நிமிஷம் பேசி, 'போகாதீர்கள், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்று தனி வீடியோவாக ஏற்றினோம். அதைப் பார்க்க ஆள் வரவில்லை. பழையதைப் பார்க்க வந்துகொண்டே இருந்தார்கள். நான் பயப்படாதே என்றால் கேட்கிற உலகம், பயப்படு என்றால் கேட்கவில்லை.

குரூப்புகளில் எல்லாம் போட்டேன். பாடகர் குழு குரூப்பில் ஒருத்தி கேட்டாள்: "நேத்து ஒண்ணு சொல்லுத, இன்னைக்கு ஒண்ணு சொல்லுத, எதளா நம்ப?" அடுத்த நிமிஷமே இன்னொருத்தர் என்னுடைய பழைய கிளிப்பையே எனக்குப் பதிலாக அனுப்பினார். கீழே சிரிக்கிற பொம்மை.

ராத்திரி எப்படிக் கழிந்தது என்று சொல்லப் போவதில்லை. ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நானும் மைனியும் அவளுடைய ஸ்கூட்டரில் திருச்செந்தூருக்குக் கிளம்பினோம். பூசைக்குப் போகாததற்கு அம்மா ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. வழியெல்லாம் நல்ல வெயில். ஆறுமுகநேரி உப்பளத்தில் உப்புக் குவியல்கள் கண்ணைப் பறித்தன. காற்று என்று பெயருக்குக்கூட இல்லை. காற்றில்லாததைப் பார்த்து எனக்கு அவ்வளவு பயம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

கடல் உள்ளே போயிருந்தது. கோயில் பக்கம் காவலர்கள் கயிறு கட்டி நின்று விசில் ஊதி ஜனங்களைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பாவம், எவ்வளவு தூரத்துக்குத்தான் கயிறு கட்டுவார்கள்? திருப்பி விடப்பட்ட ஜனங்கள் சுற்றிக்கொண்டு தெற்கே தள்ளிப் போய் இறங்கியிருந்தார்கள். பச்சைப் பாறைகள்மேல் வரிசையாக ஆட்கள். சேலை, வேட்டி, சுடிதார், குழந்தைகள். அதில் எத்தனை பேர் என் பேச்சைக் கேட்டு வந்தவர்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லாருமே என்று எனக்குத் தோன்றியது.

மைனி அந்தப் பெண்ணின் படத்தைப் பெரிதாக்கி, போனைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். போனில் இருந்த இரட்டைச் சடைப் பிள்ளைகளையும் எதிரே நிற்கிற பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே என் பின்னால் வந்தாள். அது பழைய படமாக இருக்கலாம், பிள்ளைகள் வளர்ந்திருக்கலாம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. நான் ஒவ்வொரு குடும்பமாகப் போய், "ஓட்டப்பிடாரமா, ஓட்டப்பிடாரமா" என்று கேட்டுக்கொண்டே போனேன். சாத்தான்குளம் என்றார்கள், ராஜபாளையம் என்றார்கள். ஓட்டப்பிடாரம் யாரும் இல்லை.

ஒன்பதரை இருக்கும். பாறையின் நுனியில் நின்ற கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் என்னைக் கண்டுகொண்டார்கள்.

"ஏலே, புரளி அக்காலா," என்றான் ஒருவன். "அக்கா, நீங்க சொல்லித்தான் வந்தோம்."

"வெளிய வாங்கப்பா," என்றேன். "நான் சொன்னது தப்பு. கடல் ஏறப் போவுது. எல்லாரும் மேல வாங்க."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "ரெக்கார்டிங் ஓடுதாலே," என்றான் ஒருவன், மைனி தூக்கிப் பிடித்திருந்த போனைக் காட்டி. உடனே அவர்கள் போன்களும் மேலே எழும்பின. நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். மூன்று வருஷமாக அந்த வாயால் நான் ஏற்ற இறக்கத்தோடு கத்தியதெல்லாம் வேடிக்கைக்குத்தான், அதனால் இதையும் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். பக்கத்துப் பாறைகளில் நின்றவர்களும் என்ன படப்பிடிப்பு என்று பார்க்க எங்களை நோக்கி வர ஆரம்பித்தார்கள். மேலே ஏறி நின்றுகொண்டிருந்த சிலர்கூடக் கீழே இறங்கினார்கள். தலையைக் கோதிக்கொண்டார்கள். பிள்ளைகளை முன்னால் நிறுத்தினார்கள்.

நான் வந்து காப்பாற்றியது எப்படி என்று பாருங்கள். நான் வராமல் இருந்திருந்தால் அந்த நேரத்தில் அந்தப் பாறையில் பாதிக் கூட்டம்கூட இருந்திருக்காது.

"போனக் கீழ போடுங்க மைனி," என்று நான் திரும்பிச் சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். "சேசுவே," என்றாள், ரொம்ப மெதுவாக.

அலை என்றால் வளைந்து நுரைத்து வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி எதுவும் வரவில்லை. கடல் மொத்தமாக உயர்ந்தது. வாளியில் தண்ணீர் நிறைவதுபோல் சத்தமில்லாமல் ஏறி, பாறைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது. முழங்கால், உடனே இடுப்பு. அதன் பிறகுதான் இழுப்பு. காலுக்குக் கீழே மணல் ஓடியது. யாரோ என் துப்பட்டாவைப் பிடித்தார்கள், நான் யாருடைய சேலையையோ பிடித்தேன். ஒரு பாறையின் விளிம்பு என் தாடையில் இடித்தது. இரண்டாவது ஏற்றம் வருவதற்குள் கரையில் நின்ற ஆண்கள் கைகோத்துக்கொண்டு இறங்கி எங்களை இழுத்துப் போட்டார்கள்.

எல்லாம் செபமாலையில் பத்து மணிகளை உருட்டிச் செபம் சொல்லி முடிக்கிற நேரம்தான் இருக்கும். செருப்புகளும் பைகளும் சோற்றுப் பாத்திரங்களும் மிதந்தன. கல்லூரிப் பையன் ஒருவன் காலில் ரத்தத்தோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். மைனி எனக்கு முன்னால் நின்று என் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். அவள் கையில் போன் இல்லை.

அப்போதுதான் பார்த்தேன். மேலே, ரோட்டுப் பக்கம், ஒருவர் ஒரு சிறுமியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். நீலக் கவுன். தலை தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பெண் இன்னொரு பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். ரோட்டில் நின்ற ஓர் ஆட்டோவில் ஏறினார்கள், ஆட்டோ கிளம்பிவிட்டது. நான் ஓடி ரோட்டில் ஏறியபோது அது திருப்பத்தைத் தாண்டியிருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டோம். "பிள்ள பேரு?" என்று அங்கே இருந்த நர்ஸ் கேட்டாள். தெரியாது என்றேன். "அம்மா பேரு?" தெரியாது. "நீங்க என்ன வேணும் அவங்களுக்கு?" அந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்வது? நனைந்த துணியோடு, வீங்கிய தாடையோடு நின்றுகொண்டு, அவர்கள் என் நிகழ்ச்சியைப் பார்க்கிறவர்கள் என்று சொல்லவா? அடிபட்டவர்களில் சிலர் கட்டுப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள், சிலரை அவர்கள் ஆட்களே வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள் என்று அந்த நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள். நீலக் கவுனை அவள் பார்க்கவில்லை.

யாரும் சாகவில்லை என்று மறுநாள் பேப்பரில் வந்தது. மாவட்டப் பக்கத்தில் சின்னதாகத்தான் போட்டிருந்தார்கள். அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அதற்கு அடுத்த நாள் பேப்பரையும், அதற்கும் அடுத்த நாள் பேப்பரையும் வாங்கினேன். முதல் நாள் சாகாத பிள்ளை மூன்றாம் நாள் செத்தால் எந்தப் பக்கத்தில் போடுவார்கள்? ஆபீசில் சீல் நம்பரைத் தப்பாக அடித்தேன், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. போன் அதிர்ந்தால் எடுத்துப் பார்ப்பேன், அதிராவிட்டாலும் எடுத்துப் பார்ப்பேன். சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா தாடை வலிதான் காரணம் என்று கஞ்சி காய்ச்சித் தந்தாள்.

'தாராளமா வாங்க' என்று நான் எழுதியது அப்படியே இருந்தது. அதற்கு நேரே சிவப்பு இதயம். அதற்குக் கீழே, போகாதீங்க என்று எழுதியது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. புரளிப் பகுதியை வெட்டியாகிவிட்டது, ஆனாலும் வீடியோவை மட்டும் நாங்கள் அழிக்கவில்லை. அந்த வியாழக்கிழமை ரெக்கார்டிங் இல்லை. மைனி போர்வைகளைத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டாள். ஒரு நாள் நான் கிளம்பும்போது அண்ணன், "ஓட்டப்பிடாரம் பஸ் ஸ்டாண்டுல போய் வேணா கேட்டுப் பாப்பமா?" என்றான். எதைச் சொல்லிக் கேட்பது?

ஒன்பதாம் நாள் மத்தியானம், ஆபீசில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தக் கமென்ட்டுக்குக் கீழே பதில் வந்தது. எழுத்தும் எண்ணுமான அதே பெயர். திறக்காமல் கொஞ்ச நேரம் போனைக் கவிழ்த்து வைத்திருந்தேன். கை கழுவப் போய், கழுவாமல் திரும்பி வந்து திறந்தேன்.

"அக்கா சாரி, நீங்க போகாதீங்கன்னு எழுதுனத இன்னைக்குத்தான் பாத்தேன். என் போன் அங்கனயே கடலுக்குள்ள போயிட்டு. இப்பதான் எங்க வீட்டுக்காரவ பழைய போன் ஒண்ணு குடுத்தாவ. நாங்க உங்களப் பாத்தோம் அக்கா. பஸ் பிந்திட்டு, நாங்க வரும்போது நீங்க கத்தி நடிச்சிட்டு இருந்தீங்க. மேலயே நின்னு பாத்துட்டுப் போயிருவோம்னுதான் நான் சொன்னேன். சின்னவதான் வீடியோல நாமளும் வரணும்னு கையப் பிச்சிக்கிட்டு இறங்கிட்டா. தலையில ஒம்பது தையல் போட்டிருக்கு. இப்ப நல்லாயிருக்கா, பயப்படாதீங்க. உங்க கூட வந்தவங்க போன் புடிச்சு எடுத்தாங்கல்லா, அந்த வீடியோ எப்ப வரும்னு தெனமும் கேட்டுக்கிட்டே இருக்கா. நீலக் கவுன் போட்டிருந்தா. அதுல அவ விழுந்திருக்காளான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க அக்கா."

மைனி அன்று தூக்கிப் பிடித்திருந்த போனில் ஓடியது எந்த ரெக்கார்டிங்கும் இல்லை. அதில் இருந்தது அந்தப் பிள்ளையின் படம்தான். அவளைத் தேடிப் பிடித்து வெளியே அனுப்பத்தான் அந்தப் போன் மேலே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் இறங்கியிருக்கிறாள்.

மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். பக்கத்து மேஜைக்காரி என்னவென்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன். பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்கிற நிம்மதி வரும் என்று ஒன்பது நாளாகக் காத்திருந்தவள் நான். வந்தது நிம்மதி இல்லை. அந்த அம்மாவுக்கு என்மேல் கோபமே இல்லை. அந்த ஒன்பது நாளில் நான் பட்ட பயத்தையெல்லாம்விட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் இப்போது என்ன சொன்னாலும் அவள் நம்புவாள்.

எச்சில் கை காய்ந்துபோயிருந்தது. இடது கையாலேயே அடித்தேன். "அக்கா, பிள்ளையப் பாக்க நான் வரலாமா? மன்னிப்புக் கேக்கணும்."

உடனே பதில் வந்தது. மன்னிப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

"ஐயோ தாராளமா வாங்க. பக்கத்துல நின்னு எட்டிப் பாத்துட்டுச் சின்னவ கேக்கா, கேமரா கொண்டாருவீங்களான்னு. தலையில கட்டு இருக்குல்லா, அதப் பிரிக்கதுக்குள்ள வந்தா நல்லதாம், வீடியோல தெரியுமாம்."

இல்லை என்று அடிக்க வேண்டும். அந்த மூன்று எழுத்தை அடிக்க எனக்குக் கை வரவில்லை. அவள் ஆன்லைனில் காத்துக்கொண்டிருந்தாள்.